வெட்டுக்கிளியில் இறங்கு

படிக்கத் தெரியாதவர்களை நினைத்து
ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் ஒரு படம் வரைந்திருக்கிறார்கள்
மெக்சிகோ நகரத்துச் சுரங்க ரயிலில்.
வாத்து. ஆப்பிள் பெட்டி. பீரங்கி. மணி.
எம்.காம் படித்த நான்
வாத்தில் ஏறுகிறேன்,
வெட்டுக்கிளியில் இறங்குகிறேன்.
ஐந்து பெசோ.

வெளியே வராதவரை
அதே ஐந்து பெசோவில் நாள் முழுக்கச் சுற்றலாம் என்று
இரண்டாம் நாள் கண்டுபிடித்தேன்.
இரண்டு தடங்கள் சந்திக்கும் நடைவழியில்
ரயிலுக்குத் தோண்டும்போது கிடைத்த கோயில் ஒன்று,
வட்டமாய், நுழைவுச்சீட்டு கேட்காமல்.
எல்லோரும் அதைச் சுற்றிக்கொண்டு ஓடுகிறார்கள்,
வலமா இடமா என்று பார்ப்பதில்லை.
காற்றின் சாமியாம்.
ரயில் வரும்போதெல்லாம் வந்துபோனார்.

பதினோரு நாள். நாளுக்கு முந்நூற்றைம்பது.
எட்டுப்பேர் அறையில் மேல்தட்டுக்கு இருநூறு போக
மிச்சம் இடுப்புப் பையில், ஊக்கு குத்தி.
கழிப்பறைக்கு ஆறு பெசோ;
நாலு சதுரம் தாளை எண்ணிக் கொடுக்கிறாள் வாசலில் ஒருத்தி.
ஆகவே தண்ணீர் குடிக்குமுன்
அது திரும்பும் செலவையும் சேர்த்தே கூட்டுகிறேன்.
இந்த ஊரின் மிக அழகான சதுக்கத்தை
கால்களை ஒட்டிவைத்தபடி பார்த்து முடித்தேன்.

சந்தையில் மாம்பழக்காரன் கூப்பிட்டான்:
"வா, குவேரா!"
அடுத்த கடையிலும் குவேரா. செருப்புக் கடையிலும்.
கைப்பேசியில் பொருள் தேடினேன்:
சிவத்த பொண்ணு.
திரும்பிப் பார்த்தேன், பின்னால் யாருமில்லை.
என் ஜாதகத்தோடு மூன்று வீடுகளுக்குப் போன குறிப்பில்
அப்பா 'மாநிறம்' என்று எழுதியதே பொய்.
வாங்க வைப்பதற்காக எல்லாப் பெண்களையும்
இப்படித்தான் அழைப்பார்களாம்.
தெரிந்த பிறகும்
அந்தத் தெருவில் இன்னொரு முறை நடந்தேன்.
எதுவும் வாங்கவில்லை.

எஃபிகேனியா அம்மாளின் சாப்பாட்டுக்கடையில்
சூப், சோறு, பச்சைக் குழம்பு, செம்பருத்தித் தண்ணீர்,
எல்லாம் அறுபத்தைந்து.
துணியில் சுற்றிய சோள ரொட்டிக்குக் கணக்கில்லை.
ஒன்பது தின்றேன். அவள் பத்தாவதை வைத்தாள்.
எதிர் நாற்காலியில் பூட்டுச் செய்பவர், சட்டைப்பையில் சாவிக்கொத்து.
ஒரு சொல் பேசவில்லை.
எழுந்து போகும்போது மட்டும்
எனக்கும் மற்ற மேசைகளுக்கும் பொதுவாக
"ப்ரொவேச்சோ" என்றார்.
உண்டது உடம்பில் ஒட்டட்டும்.
ஆறு நாளில் என்னிடம் விலை சொல்லாத முதல் குரல்.

ஞாயிறு, அருங்காட்சியகம்
இந்த நாட்டவருக்கு இலவசம்.
வெளியாருக்குக் கட்டணம், என் ஒன்றரை மதியம்.
வரிசையில் காவலர் என்னவோ சொன்னார்;
முன்னால் நின்ற குடும்பம் சிரித்தது, நானும் சிரித்தேன்.
கையசைத்து உள்ளே விட்டார்.
மூன்று மாதம் மனப்பாடம் செய்த ஒரே வாக்கியம்,
'நான் இந்த ஊர் இல்லை',
பல்லுக்குப் பின்னாலேயே நின்றது.
உள்ளே ஒரு கல் தவளை
அகலமாய் வாயைத் திறந்து
என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.
வேறு அறைக்குப் போனேன்.

இரவு, நோட்டில் எழுதினேன்:
ரயில் 10. சாப்பாடு 65. கழிப்பறை 6.
நுழைவு,
இதை வரவில் எழுதுவதா, செலவிலா?
பதினாலு வருடம் மற்றவர் கணக்கைத் தணிக்கை செய்தவள்
பேனாவை மூடினேன்.

அப்போது தெருவில் ஒரு விசில்,
நீளமாய், யாரையோ புதைத்துவிட்டு வருவதுபோல்.
கீழே இறங்கிப் போய்ப் பார்த்தால்
சர்க்கரைவள்ளிக் கிழங்கு வண்டி.
அடுப்பின் ஆவிதான் அப்படிக் கத்துகிறது.
விலை கேட்டேன். ஐம்பது.
பையில் இருந்ததை எண்ணினேன்,
தெரிந்ததையே, இரண்டு முறை.
அவன் அவசரப்படவில்லை.
கைகளை அடுப்பருகே காட்டிக்கொண்டு நின்றேன்.
பிறகு மூடியைச் சாத்தி வண்டியைத் தள்ளினான்.
"நாளைக்கு, குவேரா."