எட்டாம் இடம்

ஊத்தான் மெலிந்தாங் கடைவரிசையில்
மோட்டார் உதிரிபாகக் கடைக்கு மேல்மாடி.
என் மேசை, ஒரு மின்விசிறி, விட்டு விட்டு வரும் லைன்.
வெள்ளிக்கிழமை காலை ஆறே முக்காலுக்கு
மண்டோர் அப்பளசாமி போன் செய்கிறார்:
"ஒங்க ஆப்பு பேயாடுது தங்கச்சி.
நேத்து காய்ச்சல்ல படுத்திருந்த சுப்ரியாடி
நாப்பத்தொரு குலை வெட்டியிருக்கானாம்."
பின்னால் டிராக்டர் உறுமுகிறது.
பெரட்டு இன்னும் கலையவில்லை.

பதினான்கு பேருக்கு நான் எழுதிய அணி.
சதுர அடைப்புக்குள் பெயர்கள், இடையிடையே காற்புள்ளி.
பூஜ்ஜியத்தில் தொடங்கும்.
"எட்டாவது எடத்தப் பாருங்க" என்கிறார்.
நான் ஏழைத் திறக்கிறேன்.
இரண்டு வருடமாக எங்களுக்குள் இந்த ஒன்று இடிக்கிறது.
அவர் முதல் விரலில் தொடங்குகிறார்,
நான் மடக்கிய கையில்.

ஓட்டத்தை நிறுத்த ஒரு சிவப்புப் புள்ளி வைத்தேன்.
உள்ளே எட்டிப் பார்த்தால் எல்லாம் ஒழுங்கு.
அச்சிட்டுப் பார்த்தேன். பதின்மூன்று பெயர்,
ஒற்றெழுத்துகூடப் பிசகவில்லை.
திரையில்தான் பொய்.

தே ஓ ஆறிப்போன பிறகு புரிந்தது.
வியாழன் மதியம் வரை
எட்டாம் இடத்தில் ஷோஹிதுல் இருந்தான்.
நாற்பத்தொரு குலை வெட்டிப் போட்டுவிட்டு,
கையுறையைக் கழற்றி வேலிக்கம்பியில் மாட்டிவிட்டு
வேன் ஏறினான். பெர்மிட் முடிந்தது, டாக்காவுக்கு டிக்கெட்.
மூன்று மணிக்குக் கிராணி அவன் பெயரை அழித்தார்.
கீழே இருந்த பெயர்கள் ஒரு படி மேலேறின.
பெட்டிகள் ஏறவில்லை.
அவற்றுக்கு நான் ஆளைச் சொல்லித் தரவில்லை,
இடத்தைத்தான் சொல்லித் தந்திருந்தேன்.
எட்டாம் பெட்டி நாற்பத்தொன்றைப் பிடித்தபடி நின்றது,
எதிரே யார் வந்தாலும் அவன்தான் என்று.
சுப்ரியாடியின் பூஜ்ஜியம் லெட்சுமணனுக்கு,
லெட்சுமணனின் ஐம்பத்தாறு அடுத்தவளுக்கு,
இப்படியே இறங்கி
பூங்கோதை குனிந்து குனிந்து பொறுக்கிய உதிரிப் பழம்
ஒன்பது மூட்டையும்
பட்டியல் விளிம்பில் உதிர்ந்துபோனது.

திருத்தம் ஒரே வரி.
வரிசை எண்ணை எடுத்துவிட்டு
ஆளோடு மாறாத பதிவெண்ணைச் சாவியாகக் கொடுத்தேன்.
இனி யார் எங்கே நகர்ந்தாலும் கணக்கு கூடவே போகும்,
சட்டைப் பைச் சில்லறை மாதிரி.
நேற்றைய எண்களைப் பிரதியிலிருந்து மீட்டேன்.
"சரியாச்சு. அம்பத்தாறு லெட்சுமணன்தான்.
பூங்கோத மூட்டையும் வந்திருச்சு.
அப்ப அந்த நாப்பத்தொண்ணு?"

அந்த நாற்பத்தொன்று
லாரி ஏறி, எடைமேடை தாண்டி,
இந்நேரம் ஆலையில் எண்ணெயாகவும் ஆகியிருக்கும்.
பட்டியலில் மட்டும் அதற்கு ஆளில்லை.
அழி என்றால் அழித்துவிடுகிறது.
நான்தான் அப்படி எழுதினேன், ஒரு செவ்வாய் மாலை,
மீ கோரிங் தின்றுகொண்டே,
எவ்வளவு சுருக்கமாக இருக்கிறது என்று மெச்சிக்கொண்டே.

மறுபடி உட்கார்ந்தேன்.
மழை வந்தது, லைன் போனது, வந்தது.
இனி பெயர் மறையும், போகாது.
திரைக்கு வரும் வழியில் மட்டும் ஒரு சல்லடை,
வேலையில் இருப்பவர் கடந்து வரட்டும்.
ஷோஹிதுலை அவனுடைய ஏழில் திரும்ப வைத்தேன்,
பக்கத்தில் நாற்பத்தொன்று.
அந்தப் பணம் எந்த வங்கிக்குப் போகும்,
யார் கையெழுத்துப் போடுவார்,
அதெல்லாம் என் நிரலுக்குள் இல்லை.
கிராணிக்கு ஒரு செய்தி அனுப்பினேன்.
இரண்டு நீலக் குறி. பதில் இல்லை.

சனிக்கிழமைப் பெரட்டு.
"ஒங்களுக்கு எத்தன பேரு காட்டுது?"
பதினான்கு, என்றேன்.
"எனக்குப் பதிமூணுதான் தங்கச்சி."
ரெண்டும் சரிதான், என்றேன்.
அவர் பேசவில்லை.
விரல் விடுகிறார் போல.
டிராக்டர் கிளம்பிப் போகிற சத்தம்.