நாலரை மணி ஷிஃப்ட்

போர்ட்லாந்தில் இந்நேரம் விழித்திருப்பது
நான், லொரெட்டா, முதல் ரயிலின் ஓட்டுநர்.
நேற்றைய கூட்டம் போட்டுவிட்டுப் போன
சூயிங்கம், பதாகைக் கிழிசல், ஒற்றைக் கையுறை.
காதை மூடிக்கொண்டு இயந்திரத்தை முடுக்குகிறேன்.

காலடியில் செங்கல், செங்கல்லுக்கு ஒரு பெயர்.
ஊர் நடுவே ஒரு முற்றம் வேண்டுமென்று
சட்டைப்பையைத் துழாவிய சனங்கள்.
தண்ணீர் பட்டதும் எழுத்து கறுத்து எழும்,
காய்ந்தால் மறுபடி வெறும் தரை.

லொரெட்டா கத்திச் சொல்வதில் பாதிதான் கேட்கும்:
முதலில் பள்ளிக்கூடம்.
அதை அப்புறப்படுத்தி ஒரு பெரிய ஓட்டல்.
ஓட்டலை இடித்து
இரண்டடுக்குக் கார் நிறுத்தம்.
முப்பது வருஷம்
ஊரின் நெஞ்சில் எண்ணெய் சொட்டியிருக்கிறது.
ஓட்டலின் இரும்புக் கதவு மட்டும் மிச்சம்,
எதையும் அடைக்காமல்
எதற்கும் திறக்காமல்.
இவற்றுக்கெல்லாம் முன்னால் இங்கே நடந்தவர்களிடம்
செங்கல் விற்க யாரும் போகவில்லை.

ஆறு மணிக்கு ஒருத்தி வந்தாள்.
மழைக்கோட்டு, ஆறிப்போன காபி.
படிக்கட்டின் மூன்றாம் வரிசையைக் காட்டி,
"இதில் ரெண்டு பேர் சேர்ந்திருக்கு,
ஒன்றை எடுக்க முடியுமா?"
"அழுக்கு எடுக்கத்தான் எங்களுக்குச் சம்பளம்"
என்றாள் லொரெட்டா.
எந்தப் பெயர் என்று நான் கேட்டேன்.
கேட்டிருக்கக் கூடாது.
வெகுநேரம் நின்றாள்,
பிறகு ஷூ முனையை வைத்தது
தன் பெயர் மேல்.

நான் குழாயை வேறு பக்கம் திருப்பிக்கொண்டேன்.
"கொஞ்சம் பொறுங்க, ஊர்க்கால் தேய்த்துவிடும்"
என்று சொல்ல வாயெடுத்தேன்.
ஆனால் நாற்பது வருஷக் கால்கள் நடந்தும்
ஒரு எழுத்துக்கூடச் சிதையவில்லை.

ஷிஃப்ட் முடிந்தும் இன்று வீடு போகவில்லை.
பன்னிரண்டுக்கு வானிலைத் தூண் எக்காளம் ஊதும்,
பனிப்புகை கக்கும்,
வெயிலென்றால் சூரியன், புயலென்றால் டிராகன்,
தூறலென்றால் நாரை.
அண்ணாந்து பார்த்தது ஊர்:
கோஷம் போட வந்தவர்கள் கோஷத்தை நிறுத்தி,
சதுரங்கக்காரர் குதிரையைக் கையில் பிடித்தபடி,
டை கட்டியவர்கள் வாய் நிறைய பர்ரிட்டோவோடு.

நாரைதான்.
ஏற்கெனவே எல்லோரும் நனைந்திருந்தோம்.

மூன்றாம் வரிசையில்
ஒரு பையன் சைக்கிளைச் சாய்த்திருந்தான்.
பக்கத்தில் அவள்,
யாரோ கொடுத்த உருளை வறுவலைத் தின்றுகொண்டு.