ஐந்து முகங்கள்

காயம் ஆறிப் பதினொரு நாள்.
ஒச்சோலா இன்னும் ஏழாம் கட்டிலில்.
பாக்கி தீராமல் கதவு திறக்காது.

கிசுமுவில், ஏரி பார்த்த
பன்னிரண்டு கட்டில் மருத்துவமனை.
சுவரெல்லாம் புதுப் பெயின்ட் வாசம்.

இன்று ஒரு படிவம் வந்தது.
சிரிப்பிலிருந்து அழுகைவரை ஐந்து முகங்கள்.
சாப்பாடு? நடு முகம்.
இரவு நர்ஸ் அவுவோர்? பெரிய சிரிப்பு,
குளிர்க்காய்ச்சலில் தன் ஸ்வெட்டரைப் போர்த்தியவள்.

"தங்கிய காலம் போதுமானதாக இருந்ததா?"
வாய்விட்டே சிரித்துவிட்டான்.
பக்கத்துக் கட்டில்காரர் தையலைப் பிடித்துக்கொண்டு
சிரிக்க வைக்காதே என்றார்.

பேனா மக்கர் செய்தது.
காவலாளி தன்னுடையதை நீட்டினான்,
மறு கையைத் தாழ்ப்பாளிலிருந்து எடுக்காமல்.

"நண்பர்களுக்குப் பரிந்துரைப்பீர்களா?"

அவசியம்.
உடனே வரச் சொல்லுங்கள்,
முப்பத்தோராயிரத்து நானூறு ஷில்லிங்கோடு.