தன்மை ஒருமை

இருபத்தாறு வருஷம் நான் பொய் சொன்னதில்லை.
மற்றவர்கள் சொன்ன பொய்யைத்தான் சொன்னேன்,
திருகோணமலை நீதிமன்றத்தில், கூண்டுக்குப் பக்கத்தில்,
கறுத்தக் கோட்டு, கழுத்துவரை பொத்தான்.

"நான் அவனைக் குத்தவில்லை" என்றேன் சிங்களத்தில்.
"நான் கண்டேன், இவன்தான்" என்றேன் தமிழில்.
ஒரே காலையில் மாடு களவெடுத்தேன்,
விவாகரத்துக் கேட்டேன்,
மருமகனுக்குக் காணி எழுதவேயில்லை என்று சத்தியம் பண்ணினேன்.
'அவர் சொல்கிறார்' என்று தொடங்கினால் நீதவான் முறைப்பார்.
நான் என்றே சொல்ல வேண்டும்.
அழுகையை மட்டும் விட்டுவிடலாம்,
அது இரண்டு பாஷையிலும் ஒன்று.

குரல் கரகரத்தது ஒரு எல்லைத் தகராறின் நடுவில்.
கற்கண்டு, அதிமதுரம், பிறகு கொழும்பு இரவு ரயில்.
மகரகமவில், மூக்கு வழியாகக் கமரா விட்ட டொக்டர்
சிங்களத்தில் சொன்னதை
மங்களேஸ்வரி என் முகத்தில் தேடினாள்.
அன்றைக்குத்தான் ஒரு வாக்கியத்தைப் பாதியில் விட்டேன்.

ஒப்பரேஷனுக்கு முதல் நாள் நேர்ஸ் சொன்னாள்:
போனில் உங்கள் குரலைப் பதிந்து வையுங்கள் ஐயா,
பிறகு கேட்க ஆசையாயிருக்கும்.
மகள் பெயரைச் சொல்லலாம். ஒரு தேவாரம்.
பொத்தானை அழுத்திவிட்டுச் சும்மா இருந்தேன்.
எனக்கென்று ஒரு சாட்சியமும் இல்லை.

பக்கத்துக் கட்டில், கிண்ணியா உதுமாலெவ்வை.
தோணிக்காரர். அதே தொண்டை, அதே கிழமை.
சிங்களத் தாள் ஒன்றை நீட்டினார்:
"இதுல என்ன கிடக்கு, ஒருக்காப் பாத்துச் சொல்லுங்களேன்."

எழுந்து நின்றேன், பழக்கதோஷம்.
"என் குரல்வளையை முழுதாக அகற்ற
நான் சம்மதிக்கிறேன்.
இனிக் கழுத்துத் துளையால் மூச்சு விடுவேன் என்பதை
நான் விளங்கிக்கொண்டேன்.
யாருடைய வற்புறுத்தலும் இன்றி."

பெருவிரலை மையில் வைத்தார்.
போன் ஓடிக்கொண்டிருந்தது.

இப்போது
தேநீரை ஊதி ஆற்ற முடியாது.
கருவாட்டுக் கடையைக் கண்ணால்தான் மணக்க வேண்டும்.
தும்மல் சட்டைக்குள் வருகிறது.
டச்சுக்குடாவில் முழங்காலுக்கு மேல் இறங்கத் தடை,
ஒரு சின்ன அலை, பிசகினால் நேரே நெஞ்சுக்குள்.
தாடைக்கடியில் வைத்துப் பேசும் கருவி இருக்கிறது.
அதன் வண்டுச் சத்தத்துக்குக் கோட்டையடி மான்கள்
காதைத் திருப்புகின்றன, ஓடுவதில்லை.

மீன் சந்தையில் மங்களேஸ்வரிதான் என் மொழிபெயர்ப்பாளர்.
பாரை என்று உதடசைத்தேன்.
"இவருக்குச் சூரை வேணுமாம்."
சூரை மலிவு, அது வேறு கதை.
ஆனால் அந்த 'ஆம்' இருக்கிறதே,
என் தொழிலில் அதற்கு இடமே இல்லை.
முழங்கையில் தட்டினேன்: பிழை, நான் என்று சொல்.
அவள் சூரையைப் புரட்டிச் செவுள் பார்த்தாள்.

போனவாரம் பாலம் தாண்டிக் கிண்ணியாவுக்குப் போனேன்.
அவரும் கழுத்தில் துணி கட்டியிருந்தார்.
பேச ஒன்றுமில்லை, இரண்டு பேரும் சிரித்தோம்.
சிரிப்பும் துளை வழியாகத்தான், வெறும் காற்று.
போனை எடுத்து ஓடவிட்டேன்.

சம்மதிக்கிறேன். விளங்கிக்கொண்டேன்.

குசினியிலிருந்து எட்டிப் பார்த்து
அவருடைய மனைவி கேட்டா: "இது ஆர்ர சத்தம்?"

இரண்டு பேரும் கை தூக்கினோம்.