பதினேழாவது வாய்க்கால்

ஜனவரியில் இந்த மலைக்கு மழை
மதியம் இரண்டு மணிக்கு வேலைக்கு வந்துவிடும்,
எங்களைவிட ஒழுங்காக.
யூசேபியா, தெயோஃபிலா, நான்.
மூன்று பேருக்குப் பதினொரு கிலோமீட்டர் மண்சாலை,
நாலு மண்வெட்டி, ஒரு கடப்பாரை,
கிழக்கே இழுக்கும் தள்ளுவண்டி ஒன்று.

டிசம்பரில் நகராட்சி கிரேடர் வந்து போனது.
அழகாகத்தான் சமன்செய்தான்.
வழித்த மண்ணை மட்டும் பள்ளத்தாக்கின் ஓரமாக
முழங்கால் உயரத்துக்கு வரம்பு கட்டி விட்டுப் போனான்.
லாரி உருளாமல் இருக்குமாம்.
லாரி உருளவில்லை.
வெளியேற வழி இல்லாத தண்ணீர்
சாலையையே ஆறாக எடுத்துக்கொண்டது.
முதல் வளைவில் விரல் பதியும் கீறல்,
மூன்றாவதில் முழங்கை வரை போகும்,
ஆறாவதில் ஒரு கழுதையைப் புதைக்கலாம்.

வரம்பை உடைத்தோம்.
நாற்பது தப்படிக்கு ஒன்று,
செங்குத்தான இடத்தில் இருபதுக்கு ஒன்று,
சாலைக்குக் குறுக்கே, சற்றுச் சாய்த்து.
சாய்க்காமல் வெட்டினால் சேறு தங்கி அடைத்துக்கொள்ளும்,
இரண்டு முன்சக்கரமும் ஒன்றாக விழுந்து
பால் லாரிக்காரன் எங்கள் தாய்மாரை விசாரிப்பான்.

பதினாறு வரை வம்பில்லை.
பதினேழு
நிக்கானோர் தித்தோவின் உருளைக்கிழங்குக்கு நேர் மேலே.

வாய்க்கால் என்கிறோம்.
வாய் எங்கள் சாலையில்.
கால் அவன் நிலத்தில்.

காலையில் போனால் அடைத்திருக்கும்.
புல்கட்டி, கல், ஒரு பழைய டயர்.
திறப்போம்.
மறுநாள் இரண்டு டயர்.
இந்த ஊரில் இத்தனை டயர் எங்கிருந்து வந்தது?
சந்தையில் எதிரே வந்தால் அவன் மனைவி
வெங்காயத்தை அவ்வளவு கவனமாகப் பார்ப்பாள்.

பத்தொன்பதாம் தேதி மழை இரவிலும் வீட்டுக்குப் போகவில்லை.
டார்ச்சும் மண்வெட்டியுமாக ஏறினேன்.
எனக்கு முன்னே அங்கே இருந்தான்,
தன் டயர்மேல் உட்கார்ந்து.
அவன் அடைத்த தண்ணீர் திரும்பிப் போகவில்லை.
அடுத்த வளைவு வரை நடந்து, இன்னும் ஆள் சேர்த்துக்கொண்டு,
சாலையின் ஓரத்தையும் அவன் கீழ்க்காட்டையும்
ஒரே மூட்டையாகக் கட்டி இறக்கிவிட்டிருந்தது.

“அஞ்சு வரிசை போயிடும்னுதான் அடைச்சேன்” என்றான்.
வேறொன்றும் சொல்லவில்லை.

நான் சொல்லியிருக்கலாம்.
சொல்ல நாக்கு நுனியில் இருந்தது, நன்றாகக் கூர்தீட்டி.
ஆனால் பதினேழு வாய் வெட்டியவள்
ஒரு காலைக்கூடப் பின்தொடர்ந்து
இறங்கிப் பார்த்ததில்லை.

இறங்கினோம்.
டார்ச் வெளிச்சத்தில்
என் வேலை தெரிந்தது:
ஆள் நிற்கும் ஆழத்துக்கு ஓடை,
அதன் சுவரில் தொங்கும் சின்னச் சின்னக் கிழங்குகள்
கழுவி வைத்ததுபோல் வெள்ளையாக.

விடியும் வரை கல் சுமந்தோம்.
தண்ணீர் விழும் இடத்தில் பெரியவை,
அப்புறம் சிறியவை, பிறகு கையளவு.
இடப்பக்கம் இன்னொரு வாய், அதற்கும் அப்பால் இன்னொன்று.
மூன்றாகப் பிரிந்த தண்ணீர்
இச்சுப் புல்லுக்குள் நுழைந்ததும்
எதற்காக இவ்வளவு அவசரப்பட்டோம் என்று
மறந்ததுபோல் நின்றது.
டயர்களையும் கல்லடியில் போட்டுவிட்டான்.
ஒன்றை மட்டும் திருப்பி எடுத்துக்கொண்டான். ஏனென்று கேட்கவில்லை.

காலையில் தெயோஃபிலா கேட்டாள்:
பதினாறுக்குக் கீழே யாருடைய நிலம்?

தெரியாது.
இன்று மண்வெட்டியை வீட்டில் வைத்துவிட்டுப் போகிறோம்.