‘முன்பு’க்கு உடுப்புக் கசக்குபவள்

இந்த நிகழ்ச்சியில் அழகாக்குவதற்கு மூன்று பேர்,
அவர்களுக்குத் தனி அறை, ஏசி.
நான் ‘முன்பு’க்குப் பொறுப்பு.
வருகிறவளின் உதட்டுச்சாயத்தைத் துடைப்பேன்.
மினுக்கிக் கொண்டுவந்த உடுப்பைக்
கதிரையில் போட்டு
அதன்மேல் ஐந்து நிமிடம் குந்தியிருப்பேன்.
உச்சி விளக்கை மட்டும் விடச் சொல்வேன்,
கண்ணுக்குக் கீழே குழி விழும்.
மாதம் நாற்பத்தெட்டாயிரம்.
மத்தியானச் சாப்பாடு தருவார்கள்.

பெனடிக்டா கொட்டாஞ்சேனையிலிருந்து வந்தாள்.
ஜம்பட்டா வீதியில் பாமசி, கவுண்டரில் பதினேழு வருடம்,
டொக்டர்மாரின் கிறுக்கலை வாசித்து
இடுங்கிப்போன கண்.
‘உங்களிடம் உள்ளதில் மோசமான உடுப்போடு வரவும்’
என்று கடிதத்தில் தெளிவாகத்தான் போட்டிருந்தோம்.
அவள் உடுத்து வந்தது
தன்னிடம் உள்ளதில் ஆக வடிவானதை.
“டிவியில வாறதெண்டா பின்ன?”

மயில்பச்சை. நெஞ்சு நிறையக் கண்ணாடித் துண்டு.
இரண்டு தோளிலும் ஜன்னல் வெட்டிய சட்டை.
ஒரு வருடம் காலி வீதி முழுக்க
ஜன்னல் திறந்த தோள்கள்தான் போய்வந்தன,
கலியாணத்துக்கு, நேர்முகப் பரீட்சைக்கு,
பொரளையில் ஒரு செத்தவீட்டுக்கும்கூட,
கறுப்பில்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.
அது அவளுக்குப் பொருந்தவில்லை.
ஆருக்கும் பொருந்தி நான் கண்டதில்லை.
தோள் முழுசாக இருக்கவேண்டிய சாமான்,
இடையில் வெட்டிக் காட்டினால்
இறைச்சிக்கடை ஞாபகம் வரும்.
கசக்கவும் முடியவில்லை.
என்ன துணியோ,
எத்தனை தரம் குந்தினாலும் நிமிர்ந்து நின்றது.

“ஏன் அக்கா இப்படி வெட்டினது?”
“காத்து வரும் தங்கச்சி.
பின்னேரம் அஞ்சரைக்கு
பஸ்ஸில மேல்கம்பியப் பிடிச்சு நிண்டு பாரும், விளங்கும்.”

நடுவர் எழுந்து அவளை ஒரு சுற்றுச் சுற்றினார்.
அவருடைய காற்சட்டையில்
இரண்டு முழங்காலும் வெளியே எட்டிப் பார்த்தன.
“இதைத் தைத்தவரைப் பிடித்துத் தாருங்கள்” என்றார்.
சிரிப்பொலி பிறகு சேர்ப்பார்கள்.

மூன்று மணித்தியாலத்தில் சுருள்முடி நேரானது.
சாம்பல் நிறத்தில் நீளக் கோட்டு.
முதுகில் பன்னிரண்டு கிளிப்,
நான்தான் குத்தினேன், நான்தான் எண்ணிக் கழற்றினேன்.
முன்பக்கம் அளவெடுத்தது மாதிரி.
திரை விலகியதும் அவளுடைய தமையன் மகன் அழுதான்,
அழச் சொன்ன இடத்தில்.

கோட்டை அனுசரணைக் கடைக்காரர்
பெட்டியில் போட்டுக் கொண்டுபோன பிறகுதான் தெரிந்தது,
‘முன்பு’ பதிவாகவில்லை.
கார்ட் நிரம்பிவிட்டதாம்.
திரும்பவும் பழைய சட்டை.
புதுமுடிக்கு எண்ணெய் பூசிக் கலைத்தேன்.
“சோகமா நில்லுங்கோ அக்கா.”
நின்றாள்.
எங்கோ ஒரு மின்விசிறி.
ஜன்னலால் காற்று உள்ளே போயிருக்கவேண்டும்,
சிரித்துவிட்டாள்.
ஏழு தரம் எடுத்தோம்.
எட்டாவதிலும்.

ஞாயிறு இரவு, வெள்ளவத்தை, மூன்றாம் மாடி.
மச்சாளும் நானும் இடியப்பத்தோடு.
நிறத்தை உறிஞ்சி எடுத்திருந்தார்கள்,
வயலினும் போட்டிருந்தார்கள்.
சாம்பலாகிப்போன மயில்பச்சைக்குள் நின்று
ஒருத்தி பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள்.
“ஐயோ, உடுப்பைப் பார்” என்றாள் மச்சாள்.
பிறகு,
“பொறு, இவவத் தெரியும். அம்மாவுக்குப் பிரஷர் குளிசை
கடனுக்குத் தந்த மனுசியெல்லோ?”
திரை விலகியது.
கோட்டு, நேரான முடி, கைதட்டல்.
சொதியை ஊற்றியபடி கேட்டாள்,
“இது ஆர்?”

நான் வாய் திறக்கவில்லை.
திங்கட்கிழமை மருதானையிலிருந்து ஒருத்தி வருகிறாள்.
கட்டம்போட்ட பலாசோ என்று எழுதியிருக்கிறாள்.
பருத்தியாக இருந்தால் நல்லது.
கெதியாகக் கசங்கும்.