போத்தலுக்குள் மான்கள்

நிலவறையில் உடுப்புத் தோய்க்கும் அறை.
போன செவ்வாய் யாரோ வந்து
ஆறு மெஷின்களின் வாயையும் அடைத்துவிட்டுப் போனார்கள்.
காசு போடும் துளையின் மேல் இப்போது ஒரு சதுரம்,
கறுப்பும் வெள்ளையுமாய்,
கறையான் அரித்த பலகை போல.
அதை என் போன் பார்க்க வேண்டுமாம்.
நான் பார்த்தால் போதாதாம்.

பார்த்தது.
கடவுச்சொல் கேட்டது. கொடுத்தேன்.
பலவீனம் என்றது.
இலக்கம் சேர்த்து, ஆச்சரியக்குறி சேர்த்துக் கொடுத்தேன்.
இதை முன்பே பாவித்துவிட்டாய் என்றது.
எங்கே, எப்போது,
எனக்கே நினைவில்லை.

மேலே, எட்டாம் மாடியில்,
ஹோர்லிக்ஸ் போத்தல் நிறையக் கால் டொலர்கள்,
ஒவ்வொன்றிலும் ஒரு கொம்பு மான்.
பதினாறு வருடம்
ஞாயிறுக்கு எட்டு மான் என்று கீழே இறக்கினேன்.
மிச்சமிருப்பவை கண்ணாடியோடு மூக்கை உரசிக்கொண்டு
நிற்கின்றன.

சிரிக்காதீர்கள்.
தொண்ணூற்றிரண்டில் இதே ஸ்காபரோவில்
'வயர்' நகுலேஸ் என்றால் தெரியாத தமிழ் வீடு குறைவு.
எக்ளின்டனில் ஒரு ரொட்டிக் கடைக்கு மேலே
எட்டடிக்குப் பத்தடி அறை.
ஊரிலிருந்து வரும் கலியாண வீடியோவின் பாஷை
இந்த நாட்டு டிவிக்கு விளங்காது.
நடுவில் நான் இருந்தேன்.

மூன்று மணிநேரக் கலியாணம் மாற
மூன்று மணிநேரம் வேண்டும்.
அவசரப்படுத்த ஏலாது.
நானும் இருந்து பார்ப்பேன்:
முன்பின் தெரியாத மாப்பிள்ளையின் கழுத்து வியர்வை,
இரண்டாம் முறை பாயசம் கேட்டுவிட்டு
கமராவைக் கண்டதும் வேண்டாமென்ற பெரியவர்,
ஷெல் சத்தம் கேட்டு ஒரு கணம் நின்ற மேளம்,
பிறகு தொடங்கிய மேளம்.

இரவு பன்னிரண்டுக்கும் போன் வரும்.
"நகுலேஸண்ணை, படம் இல்லை, ஒரே இரைச்சல்."
மஞ்சள் வயரையும் வெள்ளை வயரையும்
மாற்றிக் குத்தியிருப்பார்கள்.
"இவ்வளவுதானா?"
இவ்வளவுதான் என்பேன்.
அந்த 'தான்' கொஞ்சம் நீளமாகத்தான் வரும் எனக்கு.
அதே நீளத்தில்தான்
நேற்று உதவி இலக்கத்தில் ஒரு குரல் சொன்னது:
அப்டேட் பண்ணினால் சரி, சேர். அவ்வளவுதான்.

பண்ணினேன்.
காசை எடுத்தது. தோய்த்தது.
கதவை மட்டும் திறக்கவில்லை.
வட்டக் கண்ணாடிக்குப் பின்னால்
இரவு வேலைக்குப் போட வேண்டிய என் நீலச் சட்டை.
போனின் திரையில் ஒரு சின்ன வளையம்
சுற்றிச் சுற்றி.

ஐந்தாம் மாடி லூர்தெஸ் கூடையோடு வந்தாள்.
ஆஸ்பத்திரியில் பதினாலு மணிநேரம் நின்ற கால்.
நாலாம் நம்பர் மெஷினைப் பழக்கத்தில்
இடுப்பால் ஓர் இடி இடித்தாள்.
அந்த இடி இந்தக் கட்டிடத்தில் எல்லோருக்கும் தெரியும்,
குடிவந்த கிழமையே பிடிபட்டுவிடும்.
மெஷின் அசையவில்லை.
பச்சை விளக்கு மரியாதையாய் எரிந்துகொண்டே இருந்தது.
"இதுக்கு இப்ப நோகிறதில்லைப் போல," என்றாள்.
இருவரும் சிரித்தோம்.
அவளுடைய சிரிப்பு முதலில் நின்றது.

பின்பக்கம் கையை நீட்டினேன்.
தூசு, ஒற்றைச் சொக்ஸ்,
பிறகு வயர்.
தடித்த, சூடான, எனக்குத் தெரிந்த வயர்.
பிடுங்கினேன். முப்பது எண்ணினேன். குத்தினேன்.

கதவு திறக்கவில்லை.
தண்ணீர் மட்டும் மறுபடி
உள்ளே இறங்கும் சத்தம்.
தோய்த்த சட்டையைத் திரும்பத் தோய்க்கத் தொடங்கியது,
இலவசமாக.
முப்பத்தெட்டு நிமிடம் என்றது.

லூர்தெஸ் கூடையைக் கவிழ்த்து அதன் மேல் இருந்தாள்.
நான் நிலத்தில்.
செய்ய வேறொன்றுமில்லாததால் பார்த்தோம்.
நுரைக்குள்ளிருந்து சட்டைக் கை ஒன்று எழுந்து
கண்ணாடியைத் தொட்டு விழுந்தது,
திரும்பவும் எழுந்தது,
எந்த ஊர்க் கலியாணத்திலோ
கமராவைக் கண்டு
கை காட்டுகிற ஆள் மாதிரி.